கிளை நூலகத்தில் எழுத்தாளரையும் இசையையும் எப்படிக் கொண்டாடலாம்?

சீர்காழிக்குப் பக்கத்தில் ஒரு கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்தில் இருக்கும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "நூலக வார விழாவில் இந்த வருஷம் எழுத்தாளர், இசை, ஊர்ப் பண்பாடு மூன்றையும் சேர்த்து ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம். பணம் குறைவு, இடமும் குறைவு. பட்டிமன்றம், பேச்சுப் போட்டி தவிர வேறு என்ன செய்ய முடியும்?" இதை மட்டும் படித்தால் அவர் நிகழ்ச்சி நிரல் கேட்பது போலத்தான் தெரியும். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "போன வருஷம் நல்ல கூட்டம், ஆனால் மறுநாள் நூலகம் பழையபடி காலியாகத்தான் இருந்தது." அந்த வரிதான் உண்மையான கேள்வி. கோயில் மண்டபத்திலும் கல்லூரி அரங்கிலும் சபாவிலும் நடக்கும் கொண்டாட்டத்திலிருந்து நூலகத்தில் நடக்கும் கொண்டாட்டம் எதில் வேறுபட வேண்டும் என்று அவர் கேட்கிறார்.

தஞ்சை, நாகை வட்டாரத்துக் கிளை நூலகங்களில் பல ஆண்டுகள் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த அனுபவத்தில் சொல்வதென்றால், நூலக விழா அலமாரியில் இருக்கும் நூலிலிருந்து கிளம்ப வேண்டும். அலமாரியில் புதிதாக ஒன்று சேர்வதில் போய் முடிய வேண்டும். நடுவில், வந்தவர் கையில் ஒரு நூல் ஏற வேண்டும். இந்த மூன்றும் நடந்துவிட்டால் இருபது பேர் வந்தாலும் அது நல்ல விழா. மூன்றும் நடக்கவில்லை என்றால், எத்தனை பேர் வந்தாலும் நூலகம் அன்றைக்கு இடம் கொடுத்ததோடு சரி.

சீர்காழிப் பக்கத்துக்காரரான உங்களிடம் இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இந்திய நூலகத் துறைக்கு அடித்தளம் போட்ட எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892இல் பிறந்தது சீர்காழியில்தான். பள்ளிப் படிப்பும் அங்கேதான். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் நூலாக வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் என்பது. வாசகர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பதோடு நூலகரின் வேலை முடியவில்லை, சும்மா கிடக்கும் நூலுக்கு ஆள் தேடிப் போவதும் அவர் வேலைதான் என்று அந்த விதி சொல்கிறது. நூலகத்தில் விழா நடத்த நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த விதியில்தான் இருக்கிறது. அதே 1931இல் மன்னார்குடியில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். 1948இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இந்த வகையில் அதுதான் முதல் சட்டம். வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரி வாங்குவது அந்தச் சட்டப்படிதான். ஆக, ஊரில் வீடு வைத்திருக்கும் எல்லோரும் உங்கள் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவர்களில் நிறையப் பேர் உள்ளே கால் வைத்ததே இல்லை. விழா அவர்களை மனதில் வைத்து நடக்க வேண்டும்.

சரி, எங்கே தொடங்குவது? அலமாரியைத் துழாவுங்கள். பொருளுக்கு ஓர் எண் தரும் டியூயி பகுப்பு முறைப்படி அடுக்கிய நூலகத்தில் ஒரே ஊரின் பண்பாடு நாலு மூலையில் சிதறிக் கிடக்கும். கவிதையும் நாவலும் 894.811இல் இருக்கும். அதே ஆள் எழுதிய பாட்டு சுரக்குறிப்போடு அச்சாகியிருந்தால் அது 780க்குப் போய்விடும். தேவாரம் சமய வரிசையில் இருக்கும். தாலாட்டும் கும்மியும் நாட்டார் வழக்காறு என்று 398இல் நிற்கும். வாழ்க்கை வரலாறு ஒரு பக்கம், ஊர் வரலாறு இன்னொரு பக்கம். பகுப்பு முறையின் குறை என்று இதைச் சொல்ல மாட்டேன். பொருளை வைத்துப் பிரித்தால் அப்படித்தான் பிரியும். ஆனால் வாசகர் கண்ணுக்கு அந்த ஊரோ அந்த மனிதரோ முழுசாகத் தெரிவதில்லை. வாசகர் வட்டத்தில் நாலைந்து பேர் ஒரு மதியம் உட்கார்ந்து, இருப்புப் பதிவேட்டையும் அலமாரியையும் ஒத்துப் பாருங்கள். உங்கள் வட்டாரத்தோடு தொடர்புள்ள எல்லா நூலையும் ஒரே மேசைக்குக் கொண்டுவாருங்கள். பதிவேட்டில் இருந்து அலமாரியில் இல்லாதது எது, இரவல் போய்த் திரும்பாதது எது, கட்டுப் பிரிந்தது எது என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இருந்தே ஆக வேண்டிய நூல் உங்களிடம் இல்லை என்றால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். அந்தப் பட்டியலுக்கு அப்புறம் வேலை இருக்கிறது.

அடுத்து, யாரைக் கொண்டாடுவது என்ற பேச்சு வரும். எழுத்தாளர் ஒரு நாள், இசை ஒரு நாள், பண்பாடு ஒரு நாள் என்று பிரிக்காதீர்கள். உங்கள் வட்டாரத்தில் இவை பிரிந்து இருந்ததே இல்லை. என்னைக் கேட்டால் மாயூரம் (இன்றைய மயிலாடுதுறை) வேதநாயகம் பிள்ளையை எடுப்பேன். 1826 முதல் 1889 வரை வாழ்ந்தவர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் நீதிமன்றங்களில் முன்சீப்பாக இருந்தார். 1859இல் நீதி நூல், 1879இல் தமிழின் முதல் நாவல் என்று சொல்லப்படும் பிரதாப முதலியார் சரித்திரம், நடுவில் நீதிமன்றத் தீர்ப்புகளின் தமிழாக்கம் என்று உரைநடைக்கு வழி திறந்தவர். கூடவே கீர்த்தனைகளும் எழுதினார். கிறிஸ்தவர், ஆனால் எல்லாச் சமயத்தாரும் பாடலாம் என்று சர்வ சமய சமரசக் கீர்த்தனை என்றே தம் பாட்டுத் தொகுப்புக்குப் பெயர் வைத்தார். 1870களின் பிற்பகுதியில் பெரும் பஞ்சம் வந்தபோது தம் கைப்பணத்தைப் போட்டுப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். அதைப் போற்றிப் பாடியவர் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை எழுதிய கோபாலகிருஷ்ண பாரதி. நாவலாசிரியர், நீதிபதி, பாடல் ஆசிரியர், ஊருக்கு உதவியவர் எல்லாம் ஒரே ஆள். எழுத்தையும் இசையையும் ஒரே மாலையில் வைக்க இதைவிடப் பொருத்தமான ஒருவர் எனக்குத் தோன்றவில்லை.

அவரைச் சுற்றி இருந்தவர்களும் சாதாரணமானவர்கள் இல்லை. அவர் சீர்காழியில் முன்சீப்பாக இருந்தபோது நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே தங்கிச் சீகாழிக் கோவை பாடினார். அந்த மகாவித்துவானைப் பற்றி அவருடைய மாணவர் உ.வே.சாமிநாதையர் எழுதிய ஒரு சம்பவம் உங்கள் விழாவில் வாசிக்க மிகவும் ஏற்றது. நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அச்சிடுவதற்காகக் கோபாலகிருஷ்ண பாரதி அவரிடம் சிறப்புப் பாயிரம், அதாவது நூலைப் போற்றும் முன்னுரைச் செய்யுள், கேட்டுப் பலமுறை வருகிறார். சொற்பிழை, இலக்கணப் பிழை இருக்கிறதே என்று பிள்ளைக்குத் தயக்கம், தட்டிக் கழிக்கிறார். ஒரு நாள் பிள்ளை பகல் தூக்கத்தில் இருக்கும்போது பாரதி வந்து திண்ணையில் உட்கார்ந்து தம் பாட்டையே பாடிக்கொண்டிருக்கிறார். உள்ளே விழித்துக்கொண்ட பிள்ளை அதைக் கேட்டு உருகிப்போய், பாயிரம் எழுதிக் கொடுத்துவிடுகிறார். ஏட்டில் பார்த்தபோது பிழையாகத் தெரிந்தது, காதில் விழுந்தபோது வேறாகத் தெரிந்திருக்கிறது. இதை யாராவது நிதானமாக வாசித்து, வாசித்து முடித்ததும் நந்தனார் சரித்திரத்திலிருந்து ஒரு பாட்டைப் பாடினால் போதும். எழுத்துக்கும் இசைக்கும் என்ன உறவு என்று தனியாக ஒருவர் சொற்பொழிவு செய்ய வேண்டியதில்லை.

இன்னொரு பகுதியும் உண்டு. சாமிநாதையர் மாயூரத்துக்குப் படிக்க வந்தபோது கோபாலகிருஷ்ண பாரதியிடம் கொஞ்ச காலம் இசை கற்றார். இசையில் மனம் போனால் இலக்கணத்தில் புத்தி போகாது என்று தமிழ் ஆசிரியரான மீனாட்சிசுந்தரம் பிள்ளை நினைத்ததால் விட்டுவிட்டார். ஆனாலும் பழைய இசைப் புலவர்களைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிகிறது என்றால், பிற்காலத்தில் அவர் உட்கார்ந்து எழுதி வைத்ததும் அதற்கு ஒரு பெரிய காரணம். இந்தப் பகுதியைப் பள்ளிப் பிள்ளை ஒருவரை வாசிக்கச் சொல்லுங்கள். அந்த வயதுப் பையனின் ஏக்கம் அதில் இருக்கிறது, அவர்களுக்குப் புரியும்.

மாலை நிகழ்ச்சியைச் சின்னதாக வையுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். முப்பது நாற்பது நாற்காலி, ஒரு சுருதிப் பெட்டி, மேசை நிறைய நூல்கள், இவ்வளவு இருந்தால் ஆச்சு. ஒரு பகுதி வாசிப்பு, ஒரு பாட்டு, மறுபடி வாசிப்பு, மறுபடி பாட்டு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை என்று போட்டால் அந்த ஒன்றரை மணி நேரமும் அதிலேயே கரைந்துவிடும். ஒரே ஒருவர் இரண்டு நிமிஷம் வரவேற்கட்டும். அமைதியாகப் படிக்க வருபவர்களுக்கு இடைஞ்சல் என்ற பேச்சும் நியாயமானதுதான். கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அன்று மாலை நூலகரிடம் சாவி கேட்டு நடத்தலாமே என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். நூலகம் மூடிய நாளில் நடத்தினால் யாருக்கும் நூல் கொடுக்க முடியாது. வேலை நாளில், மாலை நேரத்தின் கடைசிப் பகுதியில் வைத்து, இரவல் மேசையைத் திறந்தே வைத்திருங்கள். உறுப்பினர் சேர்க்கைப் படிவமும் அந்த மேசையிலேயே இருக்கட்டும். பாட்டைக் கேட்டு மனசு இளகி இருக்கிற நேரத்தில் "இந்தப் பாட்டு இந்தப் புத்தகத்தில் இருக்கிறது, எடுத்துப் போங்கள்" என்று சொன்னால் எடுத்துப் போவார்கள். மறுநாள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றால் பெரும்பாலும் வரமாட்டார்கள். இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

இசையைப் பொறுத்தவரை உங்கள் ஊருக்கு உள்ள சொத்து வேறு எந்த ஊருக்கும் எளிதில் வாய்க்காது. சம்பந்தர் பிறந்த ஊர். தமிழிசை மூவர் என்று சொல்லப்படுபவர்களில் முத்துத் தாண்டவர் சீர்காழிக்காரர். அருணாசலக் கவிராயர் தில்லையாடியில் பிறந்து சீர்காழியில் வாழ்ந்தவர். மாரிமுத்தாப் பிள்ளையின் தில்லைவிடங்கனும் பக்கத்து ஊர்தான். நம் காலத்துக்கு வந்தால் சீர்காழி கோவிந்தராஜன். ஆனால் இவர்களைப் பற்றிப் பேசும்போது உறுதியானதையும் உறுதியில்லாததையும் பிரித்துச் சொல்ல வேண்டும். நூலகம் என்ற பெயரில் சொல்வதால் இந்தப் பொறுப்பு கூடுகிறது. அருணாசலக் கவிராயர் 1711 முதல் 1779 வரை வாழ்ந்ததும், இராம நாடகக் கீர்த்தனைக்கு மெட்டு அமைப்பதில் சட்டநாதபுரத்து மாணவர்கள் இருவர் துணை நின்றதும் நன்கு பதிவானவை. முத்துத் தாண்டவர் காலமோ அப்படி இல்லை. 16ஆம் நூற்றாண்டு என்பாரும் உண்டு, 17 என்பாரும் உண்டு. அவர் கோயிலில் மயங்கிக் கிடந்தபோது அம்பிகை சிறுமியாக வந்து, காதில் விழும் முதல் சொல்லை வைத்துப் பாடு என்று சொன்னது மரபுக் கதை. கதையைச் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லுங்கள், கதை என்று சொல்லியே சொல்லுங்கள். அவருடைய பாடல்களுக்கு அவரே போட்ட மெட்டு நமக்கு வந்து சேரவில்லை. இன்று கச்சேரியில் கேட்பவை பிற்காலத்தார் அமைத்தவை. இதை மேடையில் சொன்னால் பாட்டின் மதிப்பு குறையும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மெட்டு தொலைந்த பிறகும் சொல்லை விடாமல் காப்பாற்றி, திரும்ப ராகம் போட்டுப் பாடியிருக்கிறார்கள் என்பதே பெரிய செய்தி. அச்சிட்ட வரி இல்லாவிட்டால் அதுவும் நடந்திருக்காது.

ஓதுவார் ஒருவரை அழைத்துச் சம்பந்தரின் முதல் பதிகத்தைப் பண்ணோடு பாடச் சொல்லுங்கள். அதை ஒட்டி ஒரு சின்னக் காட்சியும் வைக்கலாம். 2023 ஏப்ரலில் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்காக மண் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும் 400க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் கிடைத்தது உங்களுக்கே தெரியும். அந்தத் தகடுகளில் தேவாரப் பாடல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த நாளின் செய்தித்தாள்கள் உங்கள் நூலகத்துக்கு வந்திருக்கும். பழைய தாள்களை எடைக்குப் போடும் முன்பு ஊர் சம்பந்தப்பட்ட பக்கங்களை வெட்டி எடுத்து, தேதி எழுதி, கோப்பில் வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த மாதிரி நேரத்தில் அது பொக்கிஷம். இல்லையென்றால் இந்த விழாவிலிருந்து தொடங்குங்கள். தகடுகளின் காலத்தைப் பற்றி ஊரில் பல பேச்சு இருக்கும். அறிஞர்கள் படித்து வெளியிட்டதை மட்டும் பலகையில் எழுதுங்கள்.

பண்பாடு என்றால் கோயிலும் கீர்த்தனையும் மட்டும் என்று நின்றுவிடாதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காவிரிப் படுகையில் நடவு வயலில் பெண்கள் பாடிய பாட்டுகள் இருக்கின்றன. நடவுக்கு இயந்திரம் வந்தபின் அவற்றைப் பாடும் இடமே குறைந்துவிட்டது. பாடத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்களை மேடைக்குக் கூப்பிட்டால் கூச்சப்படுவார்கள். நீங்கள் அவர்கள் தெருவுக்குப் போங்கள். அவர்கள் விருப்பப்பட்டால் பாடட்டும், பதிவு செய்துகொள்ளுங்கள். பதிவின் தலைப்பில் "நாட்டுப்புறப் பாடல்" என்று பொதுவாக எழுதாமல், பாடியவர் சம்மதத்தோடு அவர் பெயரையும் ஊரையும் எழுதுங்கள். கீர்த்தனை எழுதியவருக்குப் பெயர் போடுகிறோம். நடவுப் பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பவருக்கும் போட வேண்டும்.

இப்போது வாழும் எழுத்தாளரை அழைப்பது பற்றி. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பொன்மாலைப் பொழுது என்ற பெயரில் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் அழைத்துப் பேச வைக்கிறார்கள். அரசே பொருநை, வைகை, காவிரி, சிறுவாணி என்று ஆற்றுப் பெயர்களில் இலக்கியத் திருவிழாக்கள் நடத்தியது. அவை பெரிய அளவு. அங்கே கூட்டம் தானாக வரும். கிளை நூலகத்துக்கு வேறு வழி வேண்டும். எழுத்தாளர் வருவதற்கு ஒரு மாதம் முன்பே அவருடைய ஒரு நூலில் ஐந்தாறு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடுங்கள். படித்த பத்துப் பேர் முன்வரிசையில் உட்கார்ந்து கேள்வி கேட்டால், அந்த எழுத்தாளர் அதைப் பல காலம் மறக்கமாட்டார். மாலை, பொன்னாடை, நினைவுப் பரிசுக்கு ஆகும் செலவைக் கூட்டிப் பாருங்கள். அந்தப் பிரதிகளுக்கு அதுவே போதும். வழிச்செலவையும் ஒரு சிறு தொகையையும் உறையில் போட்டு மரியாதையாகக் கொடுத்துவிடுங்கள். எழுத்தாளர்தானே, ஆர்வத்தில் வருவார் என்று சும்மா அனுப்புவது நம்மிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம். நாகஸ்வரக்காரருக்கும் ஓதுவாருக்கும் இதே மரியாதை செய்ய வேண்டும்.

இனி, விழா அலமாரியில் முடிய வேண்டும் என்று சொன்னேனே, அதற்கு வருகிறேன். அழைப்பிதழிலேயே ஒரு வரி போடுங்கள்: உங்கள் வீட்டில் பழைய பாட்டு நோட்டு, நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, திருவிழாப் படம், கையெழுத்துப் பிரதி இருந்தால் கொண்டுவாருங்கள், படம் எடுத்துக்கொண்டு உடனே திருப்பித் தந்துவிடுவோம். "திருப்பித் தருவோம்" என்ற சொல் ரொம்ப முக்கியம், அது இருந்தால்தான் கொண்டுவருவார்கள். ஒருமுறை ஒரு நாகஸ்வரக் குடும்பத்தார் நீள நோட்டு ஒன்று கொண்டுவந்தார்கள். பழுப்பேறிய கோடு போட்ட தாள். சுவரங்கள் பென்சிலில், சில இடம் மங்கி, அதன் மேலேயே பிறகு யாரோ மையால் எழுதியிருந்தார்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குறிப்பு: சுவாமி புறப்பாட்டில் எந்த மல்லாரி (புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில் வாசிப்பது), மேல வீதி திரும்பும்போது எந்த ராகம், தீபாராதனைக்கு எது. அச்சில் வந்த எந்தப் புத்தகத்திலும் அந்த ஊர் வழக்கம் அவ்வளவு விவரமாக இல்லை. அதை வாசித்துக் காட்டியபோது கூட்டத்தில் இருந்த வயதானவர்கள் "ஆமா, அங்கேதான் நிறுத்துவாங்க" என்று வீதியின் பெயரைச் சொல்லி ஆமோதித்தார்கள்.

அப்படி எதுவும் வந்தால் கையாளும் விதம் முக்கியம். கிழிந்த தாளில் செல்லோடேப் ஒட்டாதீர்கள். கொஞ்ச வருஷத்தில் பசை மஞ்சளாகித் தாளைத் தின்றுவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்ப எடுக்கவே முடியாது. ஓலைச்சுவடி வந்தால் யாராவது எண்ணெய் தடவலாம் என்பார்கள். பயிற்சி உள்ளவர் இல்லாமல் அதில் கை வைக்கக் கூடாது. தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே கேட்டுச் செய்யுங்கள். நோட்டைப் படம் எடுக்க நல்ல கைபேசியே போதும். ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், பக்கத்துக்கு நேர் மேலே பிடித்து, ஓரத்தில் ஒரு அளவுகோல் வைத்து, வெற்றுப் பக்கத்தைக்கூட விடாமல் எடுங்கள். யாருடையது, எந்த ஊர், யார் எழுதியது, எப்போது என்பதை உடனே எழுதி, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். ஒலிப்பதிவு என்றால் மின்விசிறியை நிறுத்துங்கள், கதவைச் சாத்துங்கள், தொடக்கத்திலேயே நாள், இடம், பாடுபவர் பெயரைச் சொல்லிப் பதியுங்கள். கோப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பி வாங்கினால் தரம் குறைந்துவிடும். நேரடியாகக் கணினிக்கு மாற்றுங்கள். இரண்டு தனித்தனி வட்டிலும், வேறு ஊரில் ஒருவரிடமும் படி இருக்கட்டும்.

வேறு ஊரில் ஒரு படி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981 மே 31 இரவில் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்கள் அழிந்தன. அச்சு நூல்களில் பலவற்றுக்கு உலகில் வேறு பிரதி இருந்தது. ஏடுகளுக்கும் கையெழுத்துப் படிகளுக்கும் அப்படி இல்லை. ஒரு ஊரின் நினைவை ஒரே கட்டடத்தில் வைத்தால் என்ன ஆகும் என்று அதைவிடக் கொடுமையாக யாரும் காட்ட முடியாது. நல்ல பக்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன். சிங்கப்பூர் விடுதலையின் 50ஆம் ஆண்டான 2015ஐ ஒட்டி, அந்த 50 ஆண்டுகளில் அங்கே வெளிவந்த தமிழ் இலக்கிய நூல்களை அங்குள்ள தேசிய நூலக வாரியமும் தமிழ்ச் சமூகத்துத் தன்னார்வலர்களும் சேர்ந்து மின்வடிவாக்கினார்கள். பிறகு நாடகம், இசை, நடனம் என்று அந்த வேலை நீண்டது. கொண்டாட்டத்தில் கையில் மிஞ்சியது ஒரு தொகுப்பு. அவர்களுக்கு ஆள்பலமும் பணமும் அதிகம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முப்பது வீட்டு நோட்டுகளைப் படமெடுத்து அட்டவணைப்படுத்துவது ஒரு வாசகர் வட்டத்தால் முடிகிற காரியம்தான். அதோடு, வந்ததைப் பதிவேட்டில் ஏற்றினால்தான் அது நூலகத்தின் சொத்து. நூலகர் மாறிப் போனாலும் நிற்பது பதிவேட்டில் உள்ளது மட்டுமே.

பதிப்புரிமை பற்றிப் பலருக்குப் பயம் உண்டு. நான் வழக்கறிஞர் இல்லை. நடைமுறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். இந்தியச் சட்டப்படி எழுத்துக்கும் பாட்டுக்கும் ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு வரை உரிமை. வேதநாயகம் பிள்ளை, கோபாலகிருஷ்ண பாரதி போன்றவர்கள் பாடல்களில் எந்தத் தடையும் இல்லை. பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர், ஆகவே அவர் பாடல்களுக்கு 2033 முடியும் வரை உரிமை உண்டு. அரசு நாட்டுடைமை ஆக்கிய எழுத்தாளர்களின் நூல்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்; பாரதியாருக்கு 1949இலேயே அரசு வழி திறந்துவிட்டது. கட்டணம் வாங்காத கூட்டத்தில் தொழில்முறை சாராத குழு பாடுவதற்கும், ஒரு நூலிலிருந்து நியாயமான அளவு வாசிப்பதற்கும் சட்டமே இடம் தருகிறது. இசைத்தட்டுப் பதிவுகளுக்குத் தனிக் கணக்கு, வெளியாகி 60 ஆண்டு. நூலகத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சியில் பெரும்பாலும் சிக்கல் வராது. அதையே படம் பிடித்து யூடியூபில் போடும்போதுதான் வரும். போடுவதென்றால் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். நடவுப் பாட்டு பாடியவரிடம் சட்டம் என்ன சொன்னாலும் கேட்டே ஆக வேண்டும்.

இதையெல்லாம் செய்தால் மறுநாள் நூலகம் நிரம்பிவிடுமா? நிரம்பும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். நான் பார்த்தவரை, ஒரு மாலையில் வந்தவர்களில் சிலர் உறுப்பினர் ஆவார்கள், அவர்களில் இன்னும் சிலர் தொடர்ந்து வருவார்கள். பிள்ளைகள் வந்தால் பெற்றோரும் வருகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. படித்து முடித்து வேலைக்குப் போட்டித் தேர்வு எழுதும் இளைஞர்கள்தான் இன்று நம் நூலகங்களில் அதிகம் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை இந்த மேசைப் பக்கம் இழுக்க எது நல்ல வழி என்பதில் நூலகர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. தேர்வில் வருகிற தமிழறிஞர்கள் பெயரைக் காட்டி இழுக்கலாம் என்பார்கள் சிலர். எனக்கு அது போதாது என்று படுகிறது. நோட்டுகளைப் படமெடுக்கும் வேலையை அவர்களிடமே ஒப்படைத்தால் நன்றாக வரும். கைத்திறன் இருக்கிறது, ஊரும் அவர்களுடையது.

கடைசியாகத் தேதி. தேசிய நூலக வார விழா நவம்பர் 14 முதல் 20 வரை. உங்கள் பக்கம் அது உச்ச மழைக்காலம். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். அந்த நேரத்தில் வீட்டு நோட்டையும் பழைய தாளையும் வெளியே எடுத்து வரச் சொல்வது சரியில்லை. பாட்டும் வாசிப்பும் நோட்டு சேகரிப்பும் ஆகஸ்ட் 12இல் நடக்கட்டும். நாடு முழுக்க நூலகர் தினமாகக் கொண்டாடும் ரங்கநாதன் பிறந்த நாள் அது. உங்கள் வட்டாரத்தில் கொண்டாடுவதற்குத் தனிக் காரணமே சொல்ல வேண்டியதில்லை. நவம்பர் வாரத்தில், அதுவரை படமெடுத்து அட்டவணை போட்டவற்றை உள்ளேயே காட்சிக்கு வையுங்கள். மாவட்ட நூலக அலுவலருக்கு ஜூன் மாதமே கடிதம் கொடுத்துவிடுங்கள். அலமாரியைத் துழாவியபோது எழுதி வைத்த இல்லாத நூல்களின் பட்டியலை அதோடு இணையுங்கள். பட்டியலின் இன்னொரு படியை ஊரில் புரவலராகச் சேரக்கூடியவர்களிடம் காட்டுங்கள். பொதுவாக நன்கொடை கேட்டால் யோசிப்பவர்கள்கூட, இன்ன நூல் நம் ஊர் நூலகத்தில் இல்லை என்று பெயரைச் சொல்லிக் கேட்டால் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள்.